ஆறு மணிப் பூட்டு

எங்கள் வாசல் கதவின் உள்பக்கத்தில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு தொங்குகிறது. வருகிறவர்கள் அதை அழகுக்கு மாட்டியது என்று நினைத்து, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். எந்தக் கடையிலும் வாங்கவில்லை. எங்கள் பெரியப்பா ரைஸ்மில் நடத்திய காலத்துப் பூட்டு அது. அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மழை நாள்தான் ஞாபகம் வரும்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில் அந்த மில் பல வருஷம் ஓடாமல் கிடந்தது. பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு வந்த கட்டடம், அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. சென்னையில் புறாக்கூண்டு மாதிரி ஒரு வாடகை வீட்டில் இருந்த நாங்கள், மில்லையே வீடாக்கிக்கொண்டால் என்ன என்று துணிந்தோம். துணிந்தது என் கணவர். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன், அவ்வளவுதான். மில்லைப் பார்த்த எஞ்சினியருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செங்கல் சுவரைப் பூசக் கூடாது, பெல்ட் ஓடிய இரும்புச் சக்கரத்தைக் கழற்றக் கூடாது, இந்த மாதிரிக் கதவு இனிமேல் கிடைக்காது, அதைத் தொடவே கூடாது என்றார். நெல் கொட்டும் மேடை இருந்த உயரத்தில் இரும்புத் தூண் நிறுத்திப் பலகை அடித்து, மேலே படுக்கையறை, கீழே சமையலும் கூடமும் ஒரே வெளியாக வந்தன. இதற்கு லாஃப்ட் வீடு என்று பெயர் என்று அவர் சொன்னதும் பெரியப்பா சிரித்துவிட்டார். "லாஃப்டுல அண்டா குண்டா வெப்பாங்க. ஆளையா வெப்பாங்க? இன்னா கதையா கீது இது!"

என் கவலை வேறு. மில்லுக்கு ஜன்னல்கள் கூரைக்குப் பக்கத்தில்தான் இருந்தன, தூசி வெளியே போவதற்காக. வாசல் ஒன்றே ஒன்று. அந்தக் கதவுக்குப் பூட்டும் இரும்புப் பட்டையும் வெளிப்பக்கம்தான். மில்லுக்குள் யார் தங்கப்போகிறார்கள், உள்தாழ்ப்பாள் எதற்கு? எஞ்சினியர் உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாள் வைத்துவிட்டு, வெளிப் பட்டையை அழகுக்காக அப்படியே விட்டுவிட்டார். இன்னொரு வாசல் வைக்கச் சொல்லி நான் கெஞ்சிப் பார்த்தேன். சுவரின் அழகு கெட்டுவிடுமாம்.

எதிர்ச் சாரியில் தனியாக இருந்த பெரியப்பாவுக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மில்லைப் பூட்டுவது மூச்சு விடுவது மாதிரி. மில் நின்றுபோன பிறகும் தினமும் வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாராம். பூட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை குரல் கொடுப்பார். "உள்ள யாருனா கீறீங்களா?" அவருடைய இளவயதில், மூட்டைகளுக்குப் பின்னால் அசந்து தூங்கிய ஒரு பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவள் கைக்குழந்தை விடியும்வரை வீட்டில் பாலுக்கு அழுததாம். அதற்குப் பிறகு குரல் கொடுக்காமல் அவர் பூட்டைத் தொட்டதில்லை.

நாங்கள் குடிவந்த பிறகும் ஆறு மணி ஆனால் வந்துவிடுவார். "உள்ள யாருனா கீறீங்களா?" "கீறோம் பெரியப்பா!" என்று நான் கத்துவேன். பதில் வந்தால் திரும்பிவிடுவார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. வராவிட்டால் நாங்கள் வெளியே போயிருக்கிறோம் என்று பூட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து அவரிடம் சாவி வாங்கிக்கொள்வோம், எங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பதில் சொல்ல ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டபோது, "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார் கணவர்.

ஐப்பசி மழை நாள் அது. கணவர் கம்பெனியில் இருந்தார். என் பையனுக்கு அப்போது நாலு வயது, மத்தியானத்திலிருந்தே இழுப்பு. செங்கல் சந்துகளில் பழைய தவிட்டுத் தூசி இன்னும் இருக்கிறதோ, அதுதான் பிள்ளையின் நெஞ்சில் போய் உட்காருகிறதோ என்று வந்த நாளிலிருந்தே எனக்கு மனசில் ஓர் அரிப்பு. மேலே படுக்கையில் அவனை மடியில் வைத்து நெபுலைசரைப் போட்டேன். அந்த மிஷினின் இரைச்சல், தகரக் கூரையில் மழையின் இரைச்சல். மருந்து தீர்ந்தும் மூச்சு அடங்கவில்லை. கழுத்துக் குழி உள்ளே உள்ளே போனது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்புப் படியில் இறங்கி ஓடிவந்து கதவை இழுத்தேன்.

கதவு வரவில்லை. பலகை இடுக்கு வழியாகப் பட்டை தெரிந்தது, அதில் பூட்டும் தெரிந்தது. ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. பெரியப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கணவர் கிளம்பிவிட்டேன் என்றார், வந்து சேர எவ்வளவு நேரமாகுமோ. தோசைக்கல்லை எடுத்துக் கதவில் அடித்தேன். அந்த மழையில் யார் காதில் விழும்? அடித்துக்கொண்டே பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன், பார்க்கப் பயந்துகொண்டும் பார்த்தேன்.

அப்போது கதவுக்கு வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டது. "வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன். கூப்ட்டேனே, பதிலே வரலியே. டீக்கடையில குந்துனப்புறம்தான் ரோசன வந்துச்சு, உன் வண்டி வாசல்லயே நின்னுகினு இருந்துச்சேன்னு." சாவி பூட்டில் நுழையாமல் கீறுகிற சத்தம் கேட்டது. "நுழைய மாட்டேங்குதே கொயந்த!" என்று அழுதார். பிறகு திறந்தது. ஆட்டோ பிடித்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பையன் பிஸ்கட் கேட்டான். பெரியப்பா மட்டும் உள்ளே வராமல், ஈரத் துண்டோடு வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டார். "இனிமே இந்தக் கை அந்தக் கதவத் தொடாது." அதற்குப் பிறகு ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலிலேயே நின்று எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை என்று அவருக்குச் சமைக்க வருகிற அம்மா சொன்னாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெல்டரைக் கூப்பிட்டு, வெளிப் பட்டையை அறுத்து உள்பக்கம் வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். எஞ்சினியர் போனில் குதித்தார், குதிக்கட்டும். அன்று சாயங்காலம் நானே போய்ப் பெரியப்பாவைக் கூட்டிவந்து குரல் கொடுக்கச் சொன்னேன். அவர் கூப்பிட்டார். நான் உள்ளே நின்று, "கீறோம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, அதே பூட்டை உள்ளே மாட்டிச் சாவியை அதிலேயே விட்டேன். அவர் வெளியிலிருந்து கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "ஆங், சரியா கீது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வருஷக்கணக்கில் அப்படியே நடந்தது. போன தை மாதம் ஒரு நாள், ஆறு மணி தாண்டியும் கதவை யாரும் இழுக்கவில்லை. எதிரே ஓடினேன். பின்கட்டில் வழுக்கி விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. எங்களோடு வந்து இருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "அண்டாவோட அண்டாவா என்ன லாஃப்டுல ஏத்தப் பாக்கறியா?" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

இப்போது ஆறு மணிக்குச் சாலையைத் தாண்டிப் போவது நான். அவர் படுத்திருக்கிற அறைக்குள் சட்டென்று போய் நிற்க எனக்குத் தைரியம் வருவதில்லை. வாசலில் நின்று குரல் கொடுப்பேன். "உள்ள யாருனா கீறீங்களா?" முன்பெல்லாம் முதல் குரலுக்கே "கீறேன், கத்தாத" என்று வரும். பிறகு இரண்டாவது குரலுக்கு வந்தது. நேற்று மூன்றாவதும் கூப்பிட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான், "கீறேன்" என்றார். வீட்டுக்கு வந்து பித்தளைப் பூட்டை மாட்டிவிட்டு, நானே அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.