சந்தனம் நிறுத்திவைத்த சுத்துக்குழாய்

சந்தனத்தைப் பற்றித் தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். வேலைக்கு ஆகாத ஆள் என்று ஆரம்பித்து, ஆனால் அவன் இல்லாவிட்டால் ஆகாது என்று முடிப்பார்கள்.

போடிமெட்டு ஏறி வந்த ஆள் அவன். சித்திரபுரத்துக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் குழி வெட்டப் போட்டார்கள். குழி வெட்டுகிறவன் பக்கத்து ஓடையில் தண்ணீர் எந்தக் கல்லைச் சுற்றிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பான். களை எடுக்க விட்டால், களையை விட்டுவிட்டு வாய்க்காலுக்கு மடை கட்டிக்கொண்டிருப்பான். கங்காணிக்கு அவனைத் திட்டித் திட்டி வாய் வலித்துப்போனது. கடைசியில், "இவன் துரை பங்களாவுல புல்லு வெட்டத்தான் லாயக்கு" என்று அங்கே தள்ளிவிட்டார். சந்தனத்துக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை.

பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் மலையைக் குடைந்து மின்சார வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பங்களா ஒரு தனிக் குன்றின் மேல் இருந்தது. அதன் முன்னால் துரைசானி ஆசை ஆசையாக வளர்த்த புல்தரை, பாய் விரித்த மாதிரி. மழைக்காலத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. தை பிறந்துவிட்டால் பனி கருக்கும், மாசியில் வெயில் கருக்கும். மிச்சமிருப்பது காவி நிறம்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் துரைசானி சீமையிலிருந்து ஒரு சாமான் வரவழைத்தாள்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே மூன்று கால் வைத்த ஒரு பித்தளைச் சாமான். தலையில் வளைந்த இரண்டு கைகள், கைகளில் ஊசி நுழைகிற அளவுக்குத் துளைகள். தொழிற்சாலை ஃபிட்டர் பழனிச்சாமி மலை உச்சிச் சோலைக்குள் ஓர் ஊற்றைக் கல்லால் கட்டித் தொட்டியாக்கி, அங்கிருந்து இரும்புக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார். குழாய் லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் இறங்கி, மறுபடி பங்களாக் குன்றின் மேல் ஏறியது. பள்ளத்தில் வண்டல் தேங்கும் என்பதால், அதைக் கழித்துவிட அங்கே ஒரு திருகு வைத்தார். பங்களாவின் குடிதண்ணீர் வேறு ஊற்று. இது புல்லுக்கு மட்டும்.

முதல் தடவை திறந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் லயமே கூடி நின்றது. பித்தளைக் கைகள் முதலில் தயங்கின, அப்புறம் விசுக்கென்று சுழன்றன. வட்டமாய் ஒரு மழை. துரை வளர்த்த நாய் குரைத்துக்கொண்டே ஓடிப் படிக்கட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. சந்தனம் மட்டும் நகரவில்லை. தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். லயத்தில் அதற்குச் சுத்துக்குழாய் என்று பெயர் வந்தது.

ஒரு வாரத்துக்குள் அது நின்றுபோனது. பழனிச்சாமிக்குத் தொழிற்சாலை இயந்திரத்தை விட்டு வர நேரமில்லை. "நீயே பாரு சந்தனம், கழட்டுனா மாட்டத் தெரியணும், அவ்வளவுதான்" என்று ஒரு ஸ்பானரைக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தனம் புல்லில் துண்டை விரித்துக் கழற்றினான். துளைக்குள் மணல், ஒரு தலைப்பிரட்டை, பாசி. கம்பியால் குத்தினால் துளை அகன்று தண்ணீர் ஒரு பக்கமாய்ச் சாயும் என்று தோன்றியது. எலுமிச்சை முள் ஒன்றை ஒடித்து மெல்லக் குத்தினான். உச்சித் தொட்டியின் வாயில் அழகுத்தாயின் கிழிந்த சேலைத் துண்டை இரண்டு மடிப்பாகக் கட்டினான். அதன்பிறகு தலைப்பிரட்டை வரவில்லை.

அழகுத்தாய் அவன் பெண்டாட்டி. அத்தை மகள். கொழுந்து எடுப்பதில் கையும் வேகம், வாயும் வேகம்.

சுத்துக்குழாயின் கழுத்துப் பகுதி கிறீச்சிட்டபோது சந்தனம் அவளுடைய தேங்காயெண்ணெயை எடுத்துப் போட்டான். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் உறைபனி. விடிந்து போய்த் திறந்தால் அசையவே இல்லை. பதறிப்போய்த் தொழிற்சாலைக்கு ஓடினான்.

"பழனியண்ணே, கையி மடங்கவே மாட்டேங்குது. வாதம் வந்த மாதிரி நிக்குது."

பழனிச்சாமி வந்து கழுத்தைத் திருகிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டிப்போய் இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பங்களாச் சமையல்காரர் வெளியே வந்து பார்த்தார். அதற்குப் பின் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரு சிறு புட்டி சந்தனத்துக்கு என்று ஆனது. எண்ணெய் போன கணக்கை வீட்டில் அழகுத்தாய் விடவில்லை.

"என் தலை காஞ்சு கிடக்கு. உங்க சக்களத்திக்கு மட்டும் எண்ணெ வச்சு விடுதீகளோ?"

"அது ஒரு இரும்பு, அதுக்குப் போய்..."

"பித்தளைன்னு நீங்கதானே பெருமையாச் சொன்னீக?"

இப்படியே அவர்கள் பாடு போய்க்கொண்டிருந்தது. கோடைதோறும் சுற்றுவட்டாரத் துரைமார் வந்து அந்தப் பச்சையைப் பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் துரைசானியோடு கைகுலுக்கும்போது சந்தனம் ரோஜாச் செடிக்குப் பின்னால் நின்று மீசையைத் தடவிக்கொள்வான்.

பிறகு அந்தப் பொல்லாத கோடை வந்தது. ஐப்பசி மழையே அரைகுறை. தையில் பனி கொட்டித் தேயிலை கருகியது. மாசி பாதியில் லயத்து ஓடை கல்லும் மணலுமாய்க் கிடந்தது. பெண்கள் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு முன்பே எழுந்து, கீழே ஆற்றுப் பள்ளம்வரை இறங்கிக் குடம் சுமந்து ஏறினார்கள். அழகுத்தாய்க்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. சந்தனம் தானே போய்த் தூக்கிவருகிறேன் என்றான். போகவும் செய்தான். ஆனால் ஓர் ஆள் சுமந்து ஒரு வீட்டுக்குப் போதும், லயத்துக்கு எப்படிப் போதும்?

ஒரு நாள் மதியம் அழகுத்தாய் பங்களா வேலியோரமாய்க் குடத்தோடு வந்தவள், மூச்சு வாங்க நின்றுவிட்டாள். வேலிக்கு உள்ளே சுத்துக்குழாய் சுழன்றுகொண்டிருந்தது. காற்றில் ஒரு சாரல் அவள் முகத்தில் அடித்தது. அவள் திட்டுவாள் என்று சந்தனம் காத்திருந்தான். அவள் திட்டவில்லை. முகத்தில் பட்ட தண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டு நடந்தாள். அதுதான் அவனைக் குத்தியது.

அன்று சாயங்காலம் அவள் சோறு போட்டபடி கேட்டாள். "அந்தப் பள்ளத்துத் திருகைத் திறந்தா தண்ணி வருமா மாமா?"

"வரும். ஆனா அங்கன திறந்தா மேட்டுக்கு ஏறாது. சுத்துக்குழாய் நின்னுபோகும்."

"நிக்கட்டுமே."

"தொரசானி கேட்டா?"

"ரிப்பேர்னு சொல்லுங்க. ரிப்பேர் பாக்குறவரு நீங்கதானே?"

சந்தனம் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். அவன் கையில் இருக்கிறவரை அது ஒரு நாளும் ஓடாமல் இருந்ததில்லை என்பதுதான் அவனிடம் இருந்த ஒரே பெருமை. கங்காணியிடம் வாங்கிய பேச்செல்லாம் அதில்தான் ஆறியிருந்தது. படுத்துப் புரண்டான். விடிந்ததும் நேரே பள்ளத்துக்குப் போய்த் திருகைத் திறந்தான். செம்மண் கலங்கலாய் முதலில், பிறகு தெளிந்து, கை மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர் விழுந்தது. பிலோமி என்ற பக்கத்து வீட்டுக்காரி முதலில் பார்த்தாள். "ஏ மாரித்தாய், இங்க ஓடி வா!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு லயமே குடத்தோடு வந்துவிட்டது.

அதற்குப் பின் சந்தனத்துக்கு நடிப்பு வேலை. காலையில் போய்ச் சுத்துக்குழாயைக் கழற்றுவான். உறுப்புகளைத் துண்டில் பரப்பித் துடைத்துத் துடைத்து வைப்பான். மாலையில் மாட்டுவான். மறுநாள் மறுபடி கழற்றுவான். எண்ணெய் பூசியே அது கண்ணாடி மாதிரி மின்னியது. புல்தரையின் ஓரம் மஞ்சளாகி, மஞ்சள் உள்ளே நகர்ந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி அவனுக்கு இருந்தது.

துரை கோபக்காரர். "என்ன மேன், வேலை தெரியாதா?" என்று வராந்தாவிலிருந்து கத்தினார். பழனிச்சாமியை ஆள் விட்டு வரவழைத்தார். பழனிச்சாமியிடம் சந்தனம் ஒன்றும் சொல்லிவைத்திருக்கவில்லை.

பழனிச்சாமி சாமானைக் கையில் எடுத்து ஒரு சுண்டு சுண்டினார். பட்டுப்போல் சுழன்றது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தோட்டத்துக் குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அவர் குழாயைப் பார்த்தார். அது இறங்கிப் போகும் பள்ளத்தின் பக்கம் பார்த்தார். அங்கிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தமும் குடம் முட்டும் சத்தமும் மெல்லக் கேட்டன. பிறகு சந்தனத்தின் முகத்தைப் பார்த்தார். அதில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"வாசர் போச்சு சார்," என்றார் துரையிடம். "தோல் வாசர், மூட்டுக்குள்ள வைக்கிற வளையம். கோயமுத்தூர்லருந்துதான் வரணும்."

துரை முணுமுணுத்துக்கொண்டு குதிரையில் ஏறிப் போனார். பழனிச்சாமி புல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"ஏண்டா, முதல்லயே சொல்லிருக்கக் கூடாது? இவனுக்குத் திருகத் தெரியலையோன்னு நானே நெனச்சுட்டேன்டா."

"நீங்களும் அப்படி நெனச்சுட்டீகளாண்ணே?" என்றான் சந்தனம். அவன் கண் கலங்கியதைப் பார்த்துப் பழனிச்சாமி பேச்சை மாற்றிவிட்டார்.

துரை நம்பியதாகத்தான் தெரிந்தது. துரைசானி நம்பவில்லை. அவளுக்குச் சந்தனத்தைத் தெரியும். வெயிலில் அந்தச் சாமானுக்கு நிழல் வேண்டுமென்று ஓலைத் தடுக்கு கட்டியவன் அவன். பங்குனியில் ஒரு நாள் நாயைக் கூட்டிக்கொண்டு குழாய் போகும் வழியிலேயே இறங்கி நடந்தாள். சந்தனம் மேலிருந்து பார்த்தான். கூப்பிட்டு நிறுத்தவா முடியும்? ஓடிப்போய்ப் பின்னால் நின்றான்.

பள்ளத்தில் குடங்கள் வரிசையாய் இருந்தன. பெண்கள் துரைசானியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். திருகிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும். அழகுத்தாய் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் சந்தனத்தைப் பார்க்க, சந்தனம் தரையைப் பார்த்தான்.

துரைசானியின் முகத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. நாய் போய் வழிந்த தண்ணீரை நக்கியது. அவள் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"சந்தனம், வாசர் வந்தாச்சா?"

"இல்லீங்க தொரசானி."

"எப்ப வரும்?"

"மழ... மழ பெஞ்சா வந்துரும் தொரசானி."

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "சரி. மழை வரட்டும்," என்றாள். பிறகு நாயை இழுத்துக்கொண்டு ஏறிப் போனாள். அவள் தலை மறைந்ததும் பிலோமி களுக்கென்று சிரித்தாள், அதைத் தொடர்ந்து ஒரே சிரிப்பு. சந்தனம் குடத்தை வாங்கி அழகுத்தாயின் பின்னால் நடந்தான்.

புல்தரை முழுக்கக் காவியாகிவிட்டது. அந்த வருஷம் வந்த துரைமார் காய்ந்த புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். துரைசானி என்ன காரணம் சொன்னாளோ தெரியாது. சந்தனம் அன்று ரோஜாப் பக்கமே போகவில்லை.

சித்திரையில் இடி இடித்துக் கோடை மழை கொட்டியது. அதற்கு மறுவாரம் துரையே பழனிச்சாமியைக் கூப்பிட்டு, பள்ளத்தில் முறையாக ஒரு தண்ணீர்க்குழாய் வைத்துச் சுற்றிலும் கல் பாவச் சொன்னார். ஒரு நிபந்தனையும் போட்டார். விடிந்து சிறிது நேரம் புல்லுக்கு, மீதிப் பொழுது லயத்துக்கு. திறந்து மூடும் பொறுப்பு சந்தனத்துக்கு. அவனை நிற்கவைத்து, "இனிமேல் எங்கிட்ட பொய் சொன்னா மலையை விட்டே இறக்கிடுவேன்" என்று ஒரு பாட்டம் கத்தவும் செய்தார். சந்தனம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து, "துரைக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்று பழனிச்சாமியிடம் ஆச்சரியப்பட்டான்.

ஆனியில் அழகுத்தாய்க்குப் பெண் பிறந்தது. பூமாரி என்று பெயர் வைத்தார்கள். துரைசானி ஒரு கம்பளி கொடுத்தனுப்பினாள். புல்தரை மழையில் தானாகவே பச்சை கட்டிக்கொண்டது. சந்தனம் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, ஓரமாய் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது என்று சொன்னான்.

அடுத்த கோடையில் இரண்டும் ஓடின. காலையில் பித்தளைக் கைகள் சுழலும். வெயில் ஏறியதும் சந்தனம் குழாயை மாற்றிவிட, பள்ளத்தில் குடங்கள் முட்டத் தொடங்கும். சுத்துக்குழாய் வருஷத்துக்கு ஒரு வாசர்தான் கேட்டது. லயத்துக் குழாய் மாதத்துக்கு ஒன்று கேட்டது. மாரித்தாய் ஒரு பக்கம் திருக, பிலோமி மறுபக்கம் திருக, திருகாணி வழுக்கிப்போய் சந்தனம் ஸ்பானரோடு ஓடுவான். நடுவில் புகுந்தால் அவனுக்கும் இரண்டு பேச்சு விழும்.

"என்னடா, உன் வேலை இரட்டிப்பா ஆச்சே?" என்று பழனிச்சாமி ஒரு தடவை கேட்டார்.

சந்தனம் முழங்கால் சேற்றில் இருக்க, புதுத் தோலை வட்டமாய் வெட்டிக்கொண்டிருந்தான். "ஆமாண்ணே," என்றான். "அது பாட்டுக்குச் சுத்தும், இதுக்குத்தான் தினமும் ஆள் வேணும்." தோலைத் தண்ணீரில் நனைத்து, பொருத்தி, இறுக்கித் திறந்துவிட்டான். வரிசையில் முதலில் நின்றவள் குடத்தை வைத்தாள்.