பெரியம்மாவின் நீல அட்டை

என் அம்மாவின் அக்கா மலாய் நாட்டில், பெம்பான் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அதைக் காட்டத்தான் ஒரு தாளும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. பிறப்புத்தாளும் அந்தக் குழப்பத்தில் தொலைந்தது. சுதந்திரம் வந்து குடியுரிமைக்குப் பதிந்தபோது, பெரியம்மா பிள்ளை பெற்று நான்காம் நாள். பெரியப்பா மட்டும் போய்ப் பதிந்தார். அவருக்குக் குடிமக்களின் நீல அடையாள அட்டை கிடைத்தது; பெரியம்மாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அட்டைதான். அதோடு நாற்பது வருஷம் பாலுக்கு மரம் சீவினார்.

தொண்ணூறுகளில் தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். பெரியப்பாவும் காலமாகிவிட்டார். பெரியம்மா புக்கிட் காத்தில் ஊரில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். வந்த வாரமே சொன்னார்: "தம்பி, எனக்கு நீல ஐசி எடுத்துக் குடுய்யா. ஒரு வாட்டியாவது ஓட்டுப் போடணும்லா."

விண்ணப்பித்தோம். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மலாயில் பேச வேண்டும். பெரியம்மாவுக்குத் தெரிந்தது பாசார் மலாய் என்கிற சந்தைப் பேச்சு மட்டும்.

அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி வயதில் சின்னவர். 'மாக்சிக்', அதாவது அத்தை என்று மரியாதையாக அழைத்து, "எவ்வளவு காலமாக இந்த நாட்டில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பெரியம்மா தன் மலாயில் நிதானமாகச் சொன்னார்: "ஜப்பான்காரன் வந்தப்ப எனக்குப் பால்பல்லு விழுற வயசு. மரவள்ளி தின்னு இங்கதான் இருந்தேன். கம்யூனிஸ்ட் கலவரத்துல எங்க லயத்து வீடுகளைச் சுத்தி முள்வேலி போட்டாங்க. உள்ள நான் இருந்தேன். கொடி மாறினப்ப கைப்பிள்ளையோட படுத்திருந்தேன். வந்தவங்க எல்லாம் போயிட்டாங்கய்யா. நான் எங்கயும் போகல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, பிரதமர் யார் என்று கேட்டார். பெரியம்மா முதல் பிரதமரிலிருந்து அன்றுவரை இருந்த நான்கு பேரையும் வரிசையாகச் சொன்னார். யார் காலத்தில் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, யார் காலத்தில் லைட் வந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார். இதையெல்லாம் என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நீல அட்டை வந்தது.

அடுத்த தேர்தலில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை. வயதானவர் என்று முன்னால் போகச் சொன்னார்கள். "வேணாம், நின்னே போறேன்" என்றார். வெளியே வந்ததும், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ரகசியம்னு சொன்னாங்களே, உனக்கு எதுக்குச் சொல்லணும்?" என்று சிரித்தார்.

அதன்பின் இரண்டு வருஷம்தான் இருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு ஓட்டு. எனக்கு அது குறைவாகப் பட்டது. அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.