காலையில் இருமிய கார்

எங்கள் ஊர் கிள்ளையில் மார்கழிப் பனி கடலிலிருந்து வருகிறதா, வயலிலிருந்து வருகிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது தெருவே இருக்காது. விளக்குகள் மட்டும் மேலே தொங்கும். அந்த வெள்ளைக்குள் என் கார் படுத்திருக்கும். நான் சாவியைத் திருப்புவேன். அது இருமும். ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொள்ளும். கியரைப் போட்டேனோ இல்லையோ, மூச்சு நின்ற மாதிரி அணைந்துவிடும். மறுபடி சாவி, மறுபடி இருமல். வெயில் வந்துவிட்டால் எந்தக் குறையும் இல்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கடலூரில் வாக்கப்பட்ட பெண். ஆஸ்பத்திரி சிதம்பரத்தில். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நூத்தியெட்டுக்குப் போன் பண்ணா வந்துட்டுப் போறான். ஏங்க இப்படி உசுர விடுறீங்க?" என்பாள் மனைவி.

அவள் சொல்வது சரிதான். ஆனால் இந்தப் பெண் பிறந்தபோது நான் வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். போனில்தான் அழுகுரல் கேட்டேன். ஊர் திரும்பி, கடலூரில் ஒருவரிடம் இந்தப் பழைய பெட்ரோல் காரை வாங்கியபோதே மனதில் ஒன்று விழுந்துவிட்டது: அவளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோகணும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை வண்டி ஓட்டுவது. அதுவும் இந்த நேரத்தில் கை கொடுக்கவில்லை என்றால்?

அந்த நாட்களில் ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. பிச்சாவரத்துக் காட்டுக் கால்வாயில் கார் மிதந்து போகிறது. ஸ்டீயரிங் இருந்த இடத்தில் துடுப்பு. பின் சீட்டில் மகள் தூங்குகிறாள். இரு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் விரல் நனைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கேயும் கரை இல்லை. பயமாக இருக்காது. விழித்த பிறகுதான் பயம்.

சிதம்பரத்தில் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். பிளக் மாற்றினார், பேட்டரியைப் பார்த்தார், காற்று போகும் வழியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பாய், வண்டி பஞ்சாட்டம் ஓடுது. ஒன்னத்தான் யாராச்சும் பாக்கணும்" என்றார்.

"காலைல வந்து பாரேன்."

"நீ இங்க வந்து சேர்றதுக்குள்ள அது சூடாயிடுது. காய்ச்சல் வுட்டப்புறம் டாக்டர்கிட்ட வந்தா அவரு என்னத்தச் சொல்லுவாரு? பேசாம ராத்திரி இங்கயே போட்டுட்டுப் போ. பனியில கெடக்கட்டும்."

போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். வாசல் வெறிச்சென்று கிடந்தது. காலையில் போன் வந்தது. "ஒரே சாவி, பாய். குயிலாட்டம் கூவுது!" மறுநாளும் அதே பேச்சு. போய் எடுத்துவந்தேன். வீட்டில் நின்ற முதல் காலையே இருமல்.

என் மனம் போகாத இடமெல்லாம் போனது. வாசலில் காத்துக் கருப்பு ஏதாவது இருக்குமோ, யாரையாவது கூப்பிட்டு ஓதிப் பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "ஓதுங்க ஓதுங்க. முதல்ல ஒங்களுக்கு ஓதுவோம்" என்றாள். உள்ளே மகள் சிரித்தாள். "அத்தா, என்னைச் சிரிக்க வைக்காதீங்க. உள்ள உதைக்குது."

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தண்ணீர் ஓஸைப் பிரித்தேன். தினமும் காரைக் குளிப்பாட்டுவேன். மேலே மட்டும் இல்லை, பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலும் அடிப்பேன். அரபி வீட்டில் படிந்த பழக்கம். அங்கே மணல் காற்று. ஒருநாள் கழுவாவிட்டால் எஞ்சின் மேல் மாவு சலித்தது போலக் கிடக்கும். இங்கே உப்புக் காற்று, துரு பிடித்துவிடுமே என்ற பயம். அதனால் இன்னும் ஜாஸ்தியாகவே அடிப்பேன். "புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ தண்ணி ஊத்த மாட்டாங்க" என்று மனைவி ஏசுவாள்.

மகள் நிலைப்படியில் சாய்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "அத்தா, பட்டறையில அதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

ஓஸ் முனையிலிருந்து தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் ஊற்றவில்லை.

மறுநாள் பனியில் மெக்கானிக்கை வீடியோ காலில் பிடித்தேன். மனைவி போனைத் தூக்கிக் காட்ட, அவர் சொல்லச் சொல்லக் காயில்களைக் கழற்றினேன். பிளக்குக்குக் கரண்டு கொடுக்கும் குச்சிகள் அவை. ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் நனைந்திருந்தது. பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றில் தண்ணீர் நின்றது.

"பாத்தியா! தண்ணியில கரண்டு வேற பக்கம் ஓடிடுது, பொறி எங்கேர்ந்து வரும்?" போனுக்குள் அவர் சிரிப்பு நிற்கவே இல்லை. "ஓடி ஓடிச் சூடானதும் காஞ்சுபோவுது. எங்கிட்ட வர்றப்ப யோக்கியனா வருது. பாய், அந்த ஊரு வெயிலு வேற, நம்மூரு பனி வேற."

குழிகளைத் துணி விட்டு ஒற்றி எடுத்தேன். புது ரப்பர் போட்டோம். ஓஸ் எஞ்சின் பக்கம் போகவில்லை. இருமல் நின்றது. என் பயம் மட்டும் நிற்கவில்லை. தொழுதுவிட்டு வந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

அப்படித் திருப்பிய ஒரு காலையில் கார் ஓடத் தொடங்கிய அதே நேரம் உள்ளேயிருந்து மனைவி கத்தினாள். "அணைக்காதீங்க! இதோ வர்றோம்!"

அந்தப் பயணம் எனக்கு முழுசாக நினைவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையாகப் போனோம். வயல், வாய்க்கால், மரம் எதுவும் இல்லை. வைப்பர் ஓடும் சத்தமும், பின்னால் மகள் மூச்சை இழுத்து விடும் சத்தமும்தான். கொஞ்ச தூரத்தில் இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. சிதம்பரம் வந்துவிட்டது என்பது வேகத்தடையில்தான் தெரிந்தது. கோபுரம் நாலில் ஒன்றைக்கூடக் காணோம்.

ஆஸ்பத்திரியில் இருவரும் இறங்கி உள்ளே போனார்கள். நான் எஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே நின்றேன். ஏதாவது குறை என்று அவளைக் கடலூருக்குக் கொண்டுபோகச் சொன்னால்? அப்போது கிளம்பாவிட்டால்?

வாட்ச்மேன் ஜன்னலைத் தட்டினார். "அதான் எறக்கிவுட்டுட்டியே பாய், அப்புறம் எதுக்கு உறுமிக்கிட்டுக் கெடக்குது? ஆஃப் பண்ணு."

"கொஞ்சம் இருங்க."

"எதுக்கு இருக்கணும்?"

நான் ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்தேன்.

கதவருகே மனைவி வந்து நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைவது தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விழவில்லை. காதைக் காட்டினேன். அவள் மறுபடியும் சொன்னாள். கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் சாவியைப் பின்னால் திருப்பினேன்.

"எல்லாம் நல்லா இருக்காம்," அவள் குரல் பனியைத் தாண்டி வந்தது. "இங்கயே பாத்துக்குறாங்களாம். கொழந்த பொறக்க மத்தியானம் ஆவுமாம். வண்டிய ஓரமாப் போட்டுட்டு உள்ள வாங்க. ஒங்களத்தான் கேக்குறா."