தலைவர் கேட்ட பாட்டு

நான் கீபோர்டு வாசித்த இன்னிசைக் குழுவில் ஒரே ஒரு வருடம் பாடிய பாடகி அவர். குட்டையான உருவம், கணீரென்ற குரல். மைக்கின் உயரத்தைத் தானேதான் சரிசெய்துகொள்வார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. கச்சேரிக்கு முன் விழாத் தலைவர் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. துபாயிலிருந்து மகன் கொண்டுவந்த பெரிய டிவியில் பாட்டுப் போட்டி ஓடியது. ஒரு பையன் இடுப்பை ஆட்டி ஆட்டிப் பாடினான். தலைவர் கைதட்டி ரசித்தார். அடுத்து ஒரு பெண் அப்படியே ஆடிப் பாடியதும் முகம் சுளித்தார்.

"குடும்பத்துப் பொண்ணு செய்யுற வேலையா இது?"

நாங்கள் கிளம்பும்போது அவரே பாடகியிடம் வந்தார். "அந்தப் பொண்ணு பாடுச்சே, அதே பாட்டை நீயும் பாடிடும்மா. கொஞ்சம் ஆடினா கூட்டம் கலையாது."

"ஏங்க, நான் குடும்பத்துப் பொண்ணு இல்லையா?"

தலைவர் சிரித்து மழுப்பினார்.

மேடையில் பாடகி சொன்னார்: "அடுத்த பாட்டு நம்ம தலைவர் கேட்டது. ஆடிப் பாடணுமாம். பொம்பளை ஆடினா தப்புன்னும் அவரேதான் சொன்னாரு. அதனால நான் பாடுறேன், அவர் வந்து ஆடட்டும்!"

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். பாடகி அசையாமல் நின்று முழுப் பாட்டையும் பாடினார்.

அதன்பின் அந்த ஊர் எங்களைக் கூப்பிடவில்லை. இன்றும் டிவி முன்னால் யாராவது முகம் சுளித்தால், எனக்கு அந்தப் பெண்களின் சிரிப்புதான் கேட்கிறது.