விசாலாட்சி அம்மாள் மாற்றி எழுதிய எண்கள்

புதன்கிழமை காலை எங்கள் டிராயிங் ஆபீஸ் பியூன் என் மேஜைக்கு வந்து, "பாயி, விசாலம் மேடம் குஜர் கயீ" என்றான், விசாலாட்சி அம்மாள் இறந்துபோனார் என்று. நான் நம்பவில்லை. பூனாவுக்குப் போயிருந்த மேனேஜரையே ஒருமுறை சாகடித்தவன் அவன். யார் சொன்னது, போனில் பேசியது ஆணா பெண்ணா என்று குறுக்கு விசாரணை செய்ததில் எரிச்சல்பட்டுப் போய்விட்டான். அரைநாள் லீவு எழுதிக்கொடுத்து, செம்பூரிலிருந்து பஸ் பிடித்து, மாதுங்காவில் அவர் வீட்டுக்கு நானே போனேன். மாடிப்படி முழுக்கக் கிடந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி இங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் கேட்டார்கள். "நீங்கதானே அவங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற கட்டுரை இது அல்ல. இதைப் படித்தால் என் வேலை போகலாம். மில்லில் கை போன கணவரும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் என் ஒரு சம்பளத்தில்தான் தாராவியில் சாப்பிடுகிறார்கள். அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

விசாலாட்சி அம்மாள் பாலக்காட்டுக் குடும்பம். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட ஏழு வயது இளையவர். இருந்தும் நான் அவரை "அம்மா" என்றேன், அவர் என்னைப் "பேச்சியம்மா" என்றார். சீனாக்காரனோடு சண்டை வந்த வருடம் நான் அங்கே டிரேஸர் வேலைக்குச் சேர்ந்தேன். எஞ்சினீயர்கள் பென்சிலில் போட்டுத் தரும் படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, கோடு பிசகாமல் மையில் இழுப்பது எங்கள் வேலை. நாங்கள் நாலு பெண்கள். நாங்கள் இழுத்ததைச் சரிபார்க்கும் செக்கர் அவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் படம் நகலெடுக்க அச்சறைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் பட்டறையில் இரும்பை வெட்டுவார்கள்.

சேர்ந்த வாரமே தன்னுடைய சொந்த மைப்பேனாவை என்னிடம் கொடுத்தார். தாராவியில் யாரும் யாருக்கும் சும்மா எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. என்ன உள்நோக்கமோ என்று ஒரு மாதம் அதைத் தொடாமல் டிராயரில் வைத்திருந்தேன். அதே அம்மாள் என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டதில்லை, கடைசிவரைக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுத்து எழுதப் பழக்கியவரும் அவர்தான். படத்தில் போடும் இங்கிலீஷ் எழுத்துக்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே சாய்வு இருக்க வேண்டும். எங்கள் நாலு பேர் எழுத்தும் அவர் எழுத்து மாதிரியே ஆகிவிட்டது. எது யாருடையது என்று மற்றவர்களால் சொல்ல முடியாது.

மூன்றாவது வருடம் அந்த விஷயம் ஆரம்பித்தது. ஒரு படத்தில் நாலு அங்குலம், ஐந்து அங்குலம், ஆறு அங்குலம், மொத்தம் பதினாறு என்று இருந்தது. இருந்தபடியே இழுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டுத் திருப்பினார்.

"இது உங்க கண்ணுல படலையா பேச்சியம்மா?"

"இருந்ததத்தானம்மா இழுத்தேன். கணக்குப் பாக்கதா என் வேல?"

"இருக்கறத அப்படியே நம்பறேளே, அதான் தப்பு."

அடுத்த படத்தில் இன்னொரு பிழை. அதற்கடுத்ததிலும். மற்ற மூவரின் படங்களில் ஒன்றும் இல்லை, எனக்கு வருவதில் மட்டும்! சிவப்பு வட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. நானும் விடவில்லை. மையைத் தொடுமுன் எல்லா எண்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தப்பான எண் மட்டும் ரப்பரால் அழித்து எழுதியதுபோல் மங்கலாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். அந்த நாட்களில்தான் அவர் போனில், "அத்தை பொண்ணுக்கு ஒரு எடம் பாத்துண்டிருக்கேன்" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. என்னைத் துரத்திவிட்டு என் இடத்தில் அந்தப் பெண்ணை உட்காரவைக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அல்லது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மாள் எனக்கு வரவேண்டிய படத்தை எடுத்தார், ஒரு எண்ணை அழித்தார், வேறு எண்ணை எழுதினார், துகளை ஊதிவிட்டார். கையும் களவுமாகப் பார்த்துவிட்டேன். என் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போடப் பார்க்கிறாளே பாவி என்று மனதுக்குள் திட்டினேன்.

அது பாகிஸ்தானோடு சண்டை நடந்த சமயம். ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. புதிய முகம் தெருவில் நின்றாலே ஒற்றன் என்றார்கள். நான் மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். செக்கர் படங்களில் எண்களை ரகசியமாக மாற்றுகிறார், கண்ணால் பார்த்தேன், இது தேசத்துக்கு ஆபத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், படத்தில் போடும் அதே எழுத்தில் நாலு வரி. தேசத்தை இழுத்தது வயிற்றெரிச்சலில்.

மறுநாள் மேனேஜர் எங்கள் நால்வரையும் வைத்துக்கொண்டே கடிதத்தை அவரிடம் காட்டிக் கேட்டார். அவர் மறுக்கவில்லை. மாற்றியது உண்மை, படத்துக்கு ஒன்று, சரிபார்க்கும்போது தானே திருத்திவிடுவேன், ஒன்றுகூடத் தப்பாக வெளியே போனதில்லை என்றார். எதற்காக என்று கேட்டார் மேனேஜர். டிரேஸரின் கண் பார்த்ததை நம்பும், செக்கரின் கண் சந்தேகப்பட வேண்டும், அப்படி ஒரு கண்ணைத் தயார் செய்துகொண்டிருந்தேன் என்றார். மேனேஜர் ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இரண்டாவது செக்கர் பதவிக்கு ஒரு மாதம் முன்பே விசாலாட்சி அம்மாள் கொடுத்திருந்த சிபாரிசு. அதில் இருந்தது என் பெயர்.

அத்தை மகளுக்குப் பார்த்தது ஏதோ பள்ளிக்கூட வேலையாம். அதுவும் பிறகுதான் தெரிந்தது.

சண்டை நேரத்தில் படத்தை மாற்றியது மாற்றியதுதான் என்று அவரைச் செக்கர் நாற்காலியிலிருந்து எடுத்து அச்சறைக்கு அனுப்பினார்கள். காலியான இடத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். பரீட்சைப் படத்தில் அவர்கள் வேண்டுமென்றே போட்டிருந்த பிழைகளையும், அவர்களுக்கே தெரியாத இன்னொன்றையும் நான் கண்டுபிடித்தேன். நாற்காலி எனக்கு வந்தது. வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்தேன்.

கடிதம் எழுதியது பிலோமினா என்று ஆபீஸ் முடிவு கட்டியது. எங்கள் நால்வரில் ஒருத்தி; அவருடன் சிலமுறை வாய்ச்சண்டை போட்டவள். முகம் பார்த்துப் பேச ஆளில்லாமல் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நகலெடுக்கும் அம்மோனியாவின் நெடியில் கண்ணில் நீர் வழிய வழிய நாலு வருடம் அவர் அச்சறையில் இருந்தார். நான் கையெழுத்திட்ட படங்கள் கடைசியில் அவர் கைக்குத்தான் போகும். மூன்று முறை படம் திரும்பி வந்தது, ஒரு துண்டுக் காகிதத்தில் வெறும் கேள்விக்குறியோடு. மூன்று முறையும் நான் தவறவிட்ட பிழை இருந்தது. எனக்கு எதிராகச் சேர்த்துவைக்கிறார், ஒருநாள் மேனேஜரிடம் கொண்டுபோவார் என்று காத்திருந்தேன். அவர் கொண்டுபோகவில்லை. போன மாதம் காமாலை வந்து சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அச்சறை நெடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னாராம். நான் நம்பவில்லை.

இன்று எந்த எண்ணையும் நான் கேட்காமல் விடுவதில்லை. ரேஷன் கடைத் தராசு, மருந்துச் சீட்டு, பஸ் கண்டக்டர் தரும் சில்லறை, எல்லாவற்றையும்தான். வாத்தியார் போர்டில் போட்ட கணக்கைத் தப்பு என்று எழுந்து சொல்லி என் மகள் முட்டிபோட்டு வந்தாள். அன்று அவளுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். உட்கார்ந்து, "அம்மா, அந்தக் கடுதாசி…" என்றேன்.

"எழுத்து நன்னாத்தான் இருந்தது" என்றார். "வரி மட்டும் கீழ எறங்கிண்டே போச்சு. உங்களுக்கு மொதல் நாள்லேர்ந்து அந்தப் பழக்கம்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீய?"

"கோவம் இல்லேன்னு நெனைக்காதீங்கோ. ஒரு வருஷம் உங்க மொகத்தப் பாக்கவே பிடிக்கல. ஆனா சொல்லியிருந்தா உங்களையும் அனுப்பிச்சிருப்பா. அப்பறம் அந்தப் படத்தையெல்லாம் யார் பாக்கறது?"

பிறகு, "பிலோமினா என்ன பாவம் பண்ணினா?" என்றார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

பிலோமினா, நீ பாந்த்ராவில் இருப்பதாகச் சொன்னார்கள். யாராவது இதை உனக்குப் படித்துச் சொல்வார்கள். மேனேஜர் அவர்களுக்கு இதையே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி இன்று காலை நானே கொடுத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை. அம்மா, நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கடிதத்தை எழுதியவள்,
பேச்சியம்மாள், செக்கர்.