தேசிக்காய்க்கு மேலே ஒரு லேத்

மன்னிக்க வேண்டும். ஓ.எல் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் பேப்பரில் பத்தி எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். இதை ஒவ்வொரு கிழமையும் முதல் வரியில் எழுதி அனுப்புகிறேன். ஆசிரியர் ஒவ்வொரு கிழமையும் வெட்டிவிடுகிறார். இந்தக் கிழமை நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அவர் லீவில் நிற்கிறார்.

என்னுடைய கூச்சம் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் "இறக்கம்" என்று சத்தம் போட வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடம்வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவன் நான். அப்படிப்பட்ட ஆள் ஒரு லேத் மெஷின் வாங்கினேன். பழையது. கிண்ணியாவில்.

லேத் என்றால் என்ன? பென்சில் சீவுகிறோமே... பிளேட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு பென்சிலைச் சுற்றினால் எப்படியோ, அப்படி. பென்சிலுக்குப் பதில் இரும்பு. அவ்வளவுதான்.

உனக்கு எதற்கு அது என்று கேட்பீர்கள். சீனன்குடாவில் ஒரு ஸ்டோரில் இருபது வருடமாக மற்றவர்களுக்கு போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு சாமானையாவது நானே செய்து பார்க்கவேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்லவேண்டும்.

விற்றவர் சபீர் நானா. பட்டறைக்குப் புது மெஷின் எடுத்துவிட்டு, பழையதைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அதன்மேல் ஒரு கோழி அடை கிடந்தது. விலை பேசுவதற்கு முன் கோழியைப் பற்றிக் கதைக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. எப்படித் தொடங்குவது? பத்து நிமிடம் யோசித்தேன்.

கடைசியில் அவரே சொன்னார்: "கோழி போக மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான் தம்பி. முட்டை பொரிக்கட்டும், அதுக்குப் பிறகு தேய்க்கலாம்."

பொரித்தது. அதன்பிறகு மூன்று சனிக்கிழமை கிண்ணியாவுக்குப் போய்த் துருவைத் தேய்த்தேன். கடற்காற்றுத் துரு லேசில் போகாது. மண்ணெண்ணெய், வயர் பிரஷ், எமரிப் பேப்பர்... சாம்பல் நிறப் பெயின்டுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே திரும்பவும் சாம்பல். பல்சில்லுகளின் இடுக்குக்கு மனைவியின் பல் பிரஷ்ஷைக் கொண்டுபோனேன். பழைய பிரஷ் என்றுதான் நினைத்தேன். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத முடியாது.

மோட்டரை நானா மாற்றித் தந்தார். மூன்றாவது சனி, மெஷின் பூனைபோலச் சத்தமில்லாமல் சுற்றியது. ஒரு சின்ன இரும்பை நேராகச் சீவியும் காட்டினார். இதை ஞாபகம் வைத்திருங்கள்: கிண்ணியாவில் அது நேராகத்தான் சீவியது.

அடுத்த நாள் நானாவின் லொறியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தோம். பாலம் தாண்டும்போது மனைவி போன் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, நேரே வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ. நான் அம்மன் கோயிலடியில நிக்கிறன். பூசை செய்துபோட்டுத்தான் இறக்கோணும்."

கோயில் அலுவலகத்தில் பூசைக்குப் பணம் வாங்கித் துண்டு எழுதுகிற ஐயா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"வாகனப் பூசையோ? நம்பரைச் சொல்லுங்கோ."

"நம்பர் இல்லை..."

"புதுசோ? சரி, எத்தனை சில்லு?"

"சில்லு இல்லை. நாலு கால்."

"நாலு கால் எண்டா அது வாகனமில்லைத் தம்பி, மாடு. அதுக்கு வேற துண்டு."

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லாரும் என் முதுகைப் பார்ப்பதுபோல இருந்தது. லேத் என்றால் என்ன என்று பென்சிலிலிருந்து தொடங்க வேண்டுமே! வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "லொறிதான் ஐயா."

குருக்கள் வந்தார். லொறிக்கு மாலை போட்டார். லொறிக்குச் சந்தனம் வைத்தார். லொறிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். மேலே என்னுடைய லேத், மூடிக் கட்டிய படங்குக்குள்ளே, யாரோ கலியாணத்துக்கு வந்த ஆள்போல நின்றது.

சபீர் நானா கீழே இறங்கித் தன் லொறியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "பரவாயில்ல தம்பி, இருக்கட்டும். பிரேக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கு."

மனைவி சிரிக்கவில்லை. "அப்ப எங்கட சாமானுக்கு?" என்றார். பதிலை எதிர்பார்க்காமல் சந்தியில் புளிக்குப் பிழிகிற தேசிக்காய் நாலு வாங்கினார்.

புது வாகனத்துக்குச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து எடுப்போம் அல்லவா? லேத்துக்குச் சில்லு இல்லை. ஆகவே காலுக்குக் கீழே. சல்லியிலிருந்து வந்த என் மச்சானும் — மனைவியின் தம்பி, கடல் தொழில் — அவனுடைய ஆட்கள் நாலு பேரும் வலை இழுப்பதுபோலச் சத்தம் போட்டு மெஷினை இறக்கினார்கள். மூன்று தேசிக்காய் சளக் சளக்கென்று பிதுங்கி ஓடிவிட்டன. ஒன்று நானாவின் சாரத்தில் பட்டது. நாலாவது, பின்னங்காலுக்குக் கீழே அப்படியே தட்டையாகி நின்றது.

மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தீங்களே? மூண்டு ஓடிப்போட்டுது. ஒண்டு நிண்டிட்டுது. அம்மாள் வந்து இருந்திட்டா."

அந்தக் காலடியில் ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்தார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மச்சானின் படகில் வலை இழுக்கிற உருளையின் அச்சு முறிந்திருந்தது. ஒரு முழ நீள இரும்பு. டவுனில் பட்டறைக்காரர் இரண்டு கிழமை செல்லும் என்றாராம். அதுவரை ஈர வலையைக் கையால்தான் இழுக்கவேண்டும். ஏற்கெனவே உள்ளங்கை இரண்டும் கிழிந்துபோய் மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருந்தான்.

மனைவி சொன்னார்: "ஏன் டவுனுக்கு? அத்தான் செய்து தருவார். வாற ஞாயிறு வா."

நான் செய்து தருவேன் என்று அவர் ஒருவரிடம் சொன்னது எங்களுடைய இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான், கிண்ணியாவில் நேராகச் சீவியது நானா, நான் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

திங்கள் பின்னேரம் முதல் அச்சைச் சீவினேன். ஒரு பக்கம் மெல்லிசு, மறுபக்கம் தடிப்பு. செவ்வாய் இரண்டாவது. அதுவும் அப்படித்தான். புதன்கிழமை மச்சான் எட்டிப் பார்த்தான். கையில் எடுத்துத் திருப்பினான்.

"அத்தான், நான் அச்சுக் கேட்டனான். கறிக்குக் கரட் கேக்கேல்லை."

நானாவுக்குப் போன் போட்டேன்.

"நாலு காலும் சமனா நிக்குதா தம்பி? ஒரு கால் கொஞ்சம் தூக்கி நிண்டாலே அதிட உடம்பு முறுகிரும். கால் கோணின கட்டில்ல படுத்தா விடியப் பொறகு உங்கட முதுகு எப்பிடி? அப்பிடித்தான். கீழ ஏதும் கிடக்கா, பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. கீழே என்ன கிடக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். 

"எடுக்க ஏலாதா?" என்றார்.

"அதில அம்மாள் இருக்கிறா எண்டு வீட்டில சொல்லுறாங்கள், நானா."

"அப்ப நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

மனைவியிடம் கேட்கத்தான் போனேன். குசினி வாசல்வரை போனேன். "அந்தத் தேசிக்காய்..." என்றேன்.

"தேசிக்காய்க்கு என்ன?"

"ஒண்டுமில்லை. மீன்குழம்புக்கு விடுறீங்களோ எண்டு கேட்டனான்."

திரும்பி வந்து கதிரையில் இருந்து யோசித்தேன். தேசிக்காயை எடுக்க ஏலாது. சரி... மற்ற மூன்று காலையும் அதன் உயரத்துக்கு ஏற்றினால் என்ன?

சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கார் தூக்குகிற ஜாக் இரவல் வாங்கினேன். ஒரு பால்மா டின்னை வெட்டி, தகரத் துண்டுகளை மூன்று காலுக்கும் கீழே செருகினேன். சீவினேன், இரண்டு முனையையும் அளந்தேன். கரட். இன்னொரு தகரம் வைத்தேன், சீவினேன். இப்போது மறுபக்கம் கரட்!

மனைவி எட்டிப் பார்த்தார். "என்ன செய்யிறீங்கள்?"

"சில்லு மாத்திறன்."

சில்லே இல்லாத சாமான். நல்லவேளை, அடுப்பில் ஏதோ கிடந்ததால் போய்விட்டார்.

வியாழன் சரி வந்தது. வெள்ளி காலையில் பார்த்தால் திரும்பக் கோணல். ஏன்? தேசிக்காய் இரவிரவாகக் காய்ந்து சுருங்கியிருந்தது! ஒரு தகரத்தை உருவினேன். சனி, இன்னொன்று. அது இறங்க இறங்க நானும் இறக்கினேன். இந்த உலகத்தில் ஒரு பழத்தோலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற லேத் என்னுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கெட்டுப்போன அச்சுகளை மனைவி எடுத்து, குசினி யன்னலுக்குத் தாழ்ப்பாளாக ஒன்று, கோழி விரட்ட ஒன்று என்று ஒழுங்குபடுத்திக் கொண்டார். நமக்கும் ஏதோ உற்பத்தி.

ஞாயிறு மத்தியானம் கடைசி இரும்பு. அதற்குப் பிறகு வீட்டில் வேறு இரும்பு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு சீவினேன். இந்த முனையை அளந்தேன். அந்த முனையை அளந்தேன். சமன். நம்பாமல் இன்னொருமுறை அளந்தேன். சமன்!

மச்சான் வந்தான். உருளையையும் கொண்டுவந்திருந்தான். அச்சு அதற்குள்ளே வெண்ணெயில் கத்திபோலப் போனது. உருளையை ஒரு தட்டுத் தட்டினான். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.  மஞ்சள் காய்ந்த அந்தக் கையால் என் தோளில் ஒரு அடி அடித்தான். இன்றைக்கும் நோகிறது. மனைவி வாசலில் நின்று, "நான் சொன்னனான் தானே?" என்றார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நம்முடைய வீடுகளில், கந்தோர்களில், கலியாண மண்டபங்களில் பாதிப் பிரச்சினையை நாங்கள் இப்படித்தானே தீர்க்கிறோம்? கோணலுக்குக் காரணமானதை யாரும் தொடுவதில்லை. மற்ற மூன்று பக்கத்தையும் அதன் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு, சமன் என்கிறோம். உண்மையில் சமன்தான். அச்சு போகிறதே!

மறுநாள் விடிய மச்சான் கடலுக்குப் போனான். மனைவி லேத்தடியைக் கூட்டும்போது, "இந்தத் தேசிக்காய் பூஞ்சணம் பிடிச்சு மணக்குது, அம்மாள் எப்பவோ போயிருப்பா, ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை?" என்று கேட்டார். ஜாக்கைத் திரும்ப இரவல் வாங்கி வந்து எடுத்தேன்.