நாலு சுவர்களில் தொங்கிய படம்

ஃபிரேம் கடையில் வேலை செய்கிறவனுக்குப் படத்தின் ஓரம்தான் தெரியும். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது. தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் சாகுல் பாய் கடையில் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். முதலாளி செய்த காரியத்துக்கு வாசலில் நின்று நீங்களும் பேச்சு வாங்கியிருந்தால் மேலே படியுங்கள். எனக்கு அந்த ஆள் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை.

டீச்சர் சொன்னதும் பாய் செய்ததும்

பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், தான் வரைந்த படத்தோடு வந்தார். மடிப்பு மடிப்பாக ஒரு வெளிர்த் துணி, நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். ஒரு லேடி டாக்டரின் கிளினிக்கில் பெண்கள் உட்காரும் அறைக்காக வரைந்தது, வேறு எங்கும் வைக்க அனுமதி இல்லை என்று பாயிடம் தெளிவாகச் சொன்னார். பாயும் தலையாட்டினார்.

அவர் போனதும் பாய் படத்தைத் தூக்கிப் பிடித்து, மணல்மேட்டில் சூரியன் மறைகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பக்கத்துக் கடையில் நாலு கலர் காப்பி எடுத்துவரச் சொன்னார். வேறு எங்கும் வைக்கக்கூடாது என்று டீச்சர் சொன்னாரே என்றேன்.

"சூரியன் என்ன அந்தம்மா வாப்பா வீட்டுச் சொத்தா? ஃபிரேமைப் போடுடா."

வெள்ளிக்கிழமை பேங்க்

அசலை டீச்சர் வாங்கிப்போனார். காப்பிகளில் மூன்று விற்றன. நாலாவதை பாய் வீட்டுக்கு எடுத்துப்போனார். கொஞ்ச நாளில் டீச்சர் திரும்பி வந்தார். டீ குடிக்கப்போன கஃபடீரியாவில், கல்லாவுக்கு மேலே தன் படத்தைப் பார்த்திருக்கிறார். மூலையில் போட்டிருந்த கையெழுத்து மட்டும் ஃபிரேமுக்குள் மறைந்திருந்தது. பாய், பேங்கில் அவசர வேலை என்று நழுவினார். அன்று வெள்ளிக்கிழமை, அங்கே பேங்குக்கு விடுமுறை.

சூரியன் படம்தானே என்று நான் இழுத்தேன். அது மாதவிலக்கு வந்த பெண்ணின் படுக்கை விரிப்பு என்றார் டீச்சர். முதல் தடவை வந்து பயந்துபோகும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று வரைந்தாராம். எனக்குக் காது சுட்டது. ஆணி அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாலு காப்பி எடுத்ததை ஒப்புக்கொண்டேன். போலீசுக்குப் போகும் எண்ணம் இல்லை, நாலும் திரும்பி வரவேண்டும் என்றார்.

"அண்ணை, அது என்ர படம். எந்தச் சுவரில தொங்கவேணும் எண்டு நான்தான் சொல்லவேணும்."

சலூனில் ஒரு ரகசியம்

கஃபடீரியாவில், கலர் வெளுத்துவிடும், வேறு தருகிறேன் என்று பொய் சொல்லி வாங்கிவிட்டேன். சலூன்காரத் தம்பியிடம் அது எடுபடவில்லை. வருகிறவர்கள் எல்லாம் பார்த்து ரசிக்கிறார்கள், தரமாட்டேன் என்றான். வேறு வழியில்லாமல் அவன் காதருகே குனிந்து, அது என்ன படம் என்று சொன்னேன். அவன் ஒரு ஆளுக்குக் கழுத்தில் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"மெதுவாச் சொல்லுண்ணே, கத்தி வழுக்குது."

கேம்பில் கேட்டது

சலூன் படமும் கைக்கு வந்தது. மூன்றாவது படம், தொழிலாளர்கள் தங்கும் கேம்பில், எங்கள் ஜில்லாக்காரரான ஒரு வெல்டரின் கட்டிலுக்கு மேலே இருந்தது. ரூமில் மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவரை வெளியே கூப்பிட்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. வரைந்தவருக்குச் சொந்தம் என்றால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று உள்ளே போய்க் கழற்றிக்கொண்டு வந்து, கண்ணாடியைத் துடைத்தே கொடுத்தார்.

"என் மக வயசுக்கு வந்ததுக்கு மைக் செட் கட்டி, வீடியோ எடுத்து, கேசட்டை இங்க அனுப்புனாங்க. ரூமே உக்காந்து பாத்துச்சு. அப்ப யாருக்கும் வராத வெக்கம் உங்களுக்கு இப்ப எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

பாய் வீட்டுக் கதவு

மூன்றையும் டீச்சரிடம் கொடுத்தேன். நாலாவது எங்கே என்றார். பாயிடம் அது என்ன படம் என்று சொன்னால், பெண்டாட்டியிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது, நீயே போய் வாங்கிக்கொள் என்றார். அவர் பெண்டாட்டியிடம் நான் பேச வேண்டுமாம். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பாய் வீட்டம்மா கதவை ஒருக்களித்து நின்று கேட்டார். அந்தச் சொல்லே வராமல், டீச்சர் படம், டீச்சர் படம் என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். டீச்சரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் பேச்சும், நடுநடுவே சிரிப்பும் கேட்டன. நான் படியில் வேர்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் கையில் படம் இல்லை.

"முதல் நாளே எனக்குத் தெரியும் தம்பி. வச்சுக்கிறட்டுமான்னு டீச்சர்ட்ட கேட்டேன், சரின்னுட்டாக. ஒங்க மொதலாளிட்ட மட்டும், நான் இன்னும் சூரியன்னே நெனச்சுக்கிட்டிருக்கேன்னு சொல்லிருங்க."

ஆக, இத்தனை பேரில் முறையாகக் கேட்டு அந்தப் படத்தை வைத்துக்கொண்டது அந்தம்மா ஒருத்திதான், நாலுக்கும் ஆணி அடித்த நானோ இன்றைக்கும் மாதவிலக்கு என்று எழுதுவதற்கு முன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறேன்.